எட்டாவது விளக்கு

பழைய கணினி வைத்திருப்பவர்களிடம் ஒரு குணத்தைக் கவனித்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றும்போது பிளக்கைப் பிடிக்க மாட்டார்கள், வயரைப் பிடித்து இழுப்பார்கள். படித்தவர்களும் அப்படித்தான், படிக்காதவர்களும் அப்படித்தான். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். ஒருநாள் மெஷின் நின்றுபோகும். உடனே மெஷின் சரியில்லை என்பார்கள்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்திலும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறீர்கள். 'பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு நோயாளிகளின் பட்டியலை மாற்றியபோது நேர்ந்த பிழை. மாற்றியவருக்குப் போதிய அனுபவம் இல்லை.' அண்ணி அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "போகட்டும் விடுங்க தம்பி, நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

என் அண்ணன் எந்தப் பிழையாலும் சாகவில்லை. இதை உங்களுக்குப் புரியவைக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேபிளில் இருந்து தொடங்குவதுதான் சுலபம். எழுதிக்கொள்பவர் அவசரப்பட வேண்டாம், நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

எங்கள் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் அண்ணனுடையது. டிவி, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, அவற்றை வாங்க வருகிறவர்களோடு அரட்டை. பின்னால் இருக்கும் நீள அறை என்னுடையது. அதில் இருபத்தாறு பழைய வீட்டுக் கணினிகள் இருக்கின்றன. இருந்தன என்று சொல்ல வேண்டும். கீபோர்டும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும், திரைக்கு வீட்டு டிவியில் செருகிக்கொள்ளும் வகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி செய்தது. உலகத்தில் தங்களைத் தவிர வேறு கம்பெனியே கிடையாது என்ற நினைப்பில் செய்தவை. ஒன்றின் பிளாப்பியை இன்னொன்றில் போட்டால் அளவு சரியாக இருக்கும், உள்ளே போய் அழகாக உட்காரும், ஆனால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. ஒரே அளவு நோட்டில் ஒருவன் வரி வரியாகவும் இன்னொருவன் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றியும் எழுதியிருந்தால் எப்படியோ அப்படி. இப்படிப்பட்ட ஒரு மெஷினில் பத்துப் பதினைந்து வருடம் எதையாவது தட்டிச் சேர்த்து வைத்திருப்பவர்கள், புதுக் கணினி வாங்கியதும் முழிப்பார்கள். பிறகு என்னிடம் வருவார்கள்.

இரண்டு மெஷின்களுக்கும் நடுவே இருக்கும் ஒரே வழி கேபிள். ஒன்றின் வாய் இருக்கும் இடத்தில் மற்றதன் காது இருக்க வேண்டும். கடையில் விற்கும் கேபிள் வாயை வாயோடும் காதைக் காதோடும் இணைக்கும். இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும், இரண்டுக்கும் ஒன்றும் கேட்காது. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். ஆகவே இரண்டு கம்பிகளை நான் குறுக்கே மாற்றிப் பற்றவைப்பேன். பிறகு இரண்டுக்கும் ஒரே வேகம் வைக்க வேண்டும். ஒரு வரி எங்கே முடிகிறது என்று ஒன்று சொல்லும் குறியை மற்றது புரிந்துகொள்ளாது, அதை மொழிபெயர்க்க வேண்டும். இதெல்லாம் சரியாகிவிட்டால் எழுத்துகள் வர ஆரம்பிக்கும். திரையில் ஒவ்வொன்றாக வரும். அதைப் பார்க்கிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்ததில்லை. "எவ்வளவு நேரமாகும்" என்று கேட்டுவிட்டு முன்பக்கம் போய்விடுவார்கள். அங்கே அண்ணன் அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். "உள்ள ஒரு சிப்பு இருக்குங்க, அது பாத்துக்கும்." டிவிக்கும் அதே விளக்கம்தான், இஸ்திரிப் பெட்டிக்கும் அதே விளக்கம்தான். கேட்கிறவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இருபது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக் கடை நடத்தினார். தெருவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பின்னறையில் இருந்த எனக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். வைத்தது அவர்தான். "டேய் விஞ்ஞானி, சாப்பிட வாடா" என்று முன்பக்கத்திலிருந்தே சத்தம் போடுவார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் என்னை அவமானப்படுத்த நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்குக்கூடக் கொஞ்சம் யோசனை வேண்டும்.

இனி விளக்குகள். இதுதான் முக்கியம்.

கேபிளில் ஒரு எழுத்து எட்டு விளக்குகளாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக எட்டு விளக்குகள். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணைந்திருக்கும். எவை எரிகின்றன, எவை அணைந்திருக்கின்றன என்பதை வைத்து அது எந்த எழுத்து என்று எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்கும். எல்லா ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் புள்ளிகளையும் காட்டுவதற்கு ஏழு விளக்குகளே போதும். எட்டாவது மிச்சம். பெரும்பாலான மெஷின்கள் அதைச் சும்மா விட்டிருந்தன. ஒரு வகை மெஷின் மட்டும் அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. எட்டாவது விளக்கு எரிந்தால் அந்த எழுத்தைத் தலைகீழ் நிறத்தில் காட்டு என்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்குப் பதிலாக, வெள்ளைப் பட்டை போட்டு அதன்மேல் கறுப்பு எழுத்து. கீபோர்டின் மூலையில் அதற்கென்று ஒரு சின்ன விசை உண்டு. பலர் அதைத் தெரியாமல் அழுத்திவிட்டு, மெஷின் கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பெரிய டாக்டர் வைத்திருந்தது அந்த வகை. எங்கள் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருந்தவர். எத்தனையோ பேர் வந்துபோன என் அறையில், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் அவர். தன் நோயாளிகளின் பட்டியலைத் தானே தட்டி வைத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, நோய், கொடுத்த மருந்துகள். பதினெட்டு வருடத்தில் ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு வரிகள்.

நானூற்றுப் பன்னிரண்டாவது வரி என் அண்ணனுடையது.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அண்ணனுக்குப் பல் வேரில் சீழ் வைத்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். நான்கு நிமிடத்தில் அண்ணனின் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. உதடு நீலமானது. மூச்சு உள்ளே போகவில்லை. டாக்டர் ஓடிப்போய் வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார். எல்லாம் அடங்கிய பிறகு அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து அண்ணனின் வரியைத் திறந்தார். அடுத்தமுறை இந்த மருந்துப் பெயர் கண்ணில் அறைய வேண்டும், அதற்கு வழி உண்டா என்று என்னிடம் கேட்டார். நான் குனிந்து அந்த மூலை விசையை அழுத்திக் காட்டினேன். பென்சிலின் என்ற சொல் வெள்ளைப் பட்டையில் எழுந்து நின்றது.

அன்றிலிருந்து அதுவே அவருடைய முறையாயிற்று. மருந்துப் பட்டியலில் சாதாரணமாகத் தெரிவதெல்லாம் கொடுத்தவை, ஒத்துக்கொண்டவை. வெள்ளைப் பட்டையில் இருப்பது ஒருபோதும் கொடுக்கக் கூடாதது. அவர் சாகும்போது மொத்தம் தொண்ணூற்று நான்கு பேருக்குப் பட்டை போட்டிருந்தார். நோயாளிகளிடம், "பேரையெல்லாம் நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், எங்கிட்ட இருக்கு" என்பார். அவர்களும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள். அண்ணனைக் கேட்டால், "ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது, பெரிய டாக்டர் மெஷின்ல போட்டு வெச்சிருக்காரு" என்பார். தன் உயிரைப் பற்றிய ஒரே ஒரு சொல். பதினான்கு வருடத்தில் அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன வருடக் கடைசியில் பெரிய டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மருமகன் கிளினிக்கை எடுத்துக்கொண்டார். எல்லோரும் சின்ன டாக்டர் என்பார்கள். வயதை வைத்துச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். புதுக் கணினி வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். அந்தப் பழைய மெஷினைக் காலால் காட்டி, "இதுல இருக்கற லிஸ்ட்டை அதுக்கு மாத்தணும். காப்பி பண்றதுதானே, ரெண்டு நாள்ல முடிச்சிடுவீங்களா?" என்றார். இரண்டும் வேறு வேறு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மெஷின்களையும் கடைக்குக் கொண்டுவந்தேன்.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் உங்கள் நிபுணருக்கு அது புரியவில்லை.

முதலில் எட்டு விளக்குகளையும் அப்படியே அனுப்பினேன். புதுக் கணினிக்கு வெள்ளைப் பட்டை தெரியாது. பட்டை இருந்த இடத்தில் எல்லாம் அர்த்தமில்லாத கிறுக்கல்கள் வந்தன. எதிர்பார்த்ததுதான். ஒரு சின்ன நிரல் எழுதினேன். நாற்பது வரி இருக்கும். எட்டாவது விளக்கு எரிந்தபடி ஒரு சொல் வந்தால், அந்த விளக்கை அணைத்து எழுத்தைச் சரியாக்கு, சொல்லுக்கு முன்னால் 'தரக்கூடாது' என்று சேர். ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிட்டது. பட்டியலை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு 'தரக்கூடாது.' நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன். 'தரக்கூடாது: பென்சிலின்.' அதை ஒரு பிளாப்பியில் எடுத்துப் பெயர் எழுதி வைத்தேன். இதோ உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன், அதுதான். போட்டுப் பாருங்கள். அனுபவம் இல்லாதவன் செய்த வேலையா என்று உங்கள் நிபுணரே சொல்லட்டும்.

மறுநாள் காலை சின்ன டாக்டர் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கக் கடைக்கு வந்தார். அண்ணன் அவரைத் தோளில் கைபோடாத குறையாக என் அறைக்குக் கூட்டிவந்தார்.

"பாத்தீங்களா டாக்டர், மியூசியம். அடுத்த மாசம் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு இங்க ஏசி வெச்சு செல்போன் ஷோரூம் போடறேன். நம்ம விஞ்ஞானியைக் கவுண்டர்ல உக்கார வெச்சிடுவேன். நாலு பேரைப் பாத்துச் சிரிக்கவாவது கத்துக்கட்டும்."

டாக்டர் சிரித்தார். அறையைக் காலி செய்யும் விஷயத்தை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். எனக்கு முன்னால் அது அண்ணிக்குத் தெரியும், எடைக்கு எடுப்பவருக்குத் தெரியும், இப்போது டாக்டருக்கும் தெரியும்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் பட்டியலைப் பற்றிப் பேசினேன். ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு எழுத்திலும் எட்டாவதாக ஒரு விளக்கு இருக்கிறது, பெரிய டாக்டர் அதை வைத்து என்ன செய்திருக்கிறார் என்றால், என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க. எழுத்து வந்தாப் போதும்."

அண்ணன் அவரை அழைத்துக்கொண்டு வெளியே போகும்போது, "விட்டா இவன் நாள் முழுக்கப் பேசுவான் டாக்டர்" என்றது கேட்டது.

எழுத்து வந்தால் போதும் என்றார். எழுத்துக்கு ஏழு விளக்கே போதும். அன்று மதியம் உட்கார்ந்து, எட்டு என்று இருந்த இடத்தில் ஏழு என்று போட்டேன். மாற்றியது அந்த ஒரு எண் மட்டும்தான். முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்பினேன். ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு வரிகளும் வந்து சேர்ந்தன. இந்தப் பக்கம் எத்தனை எழுத்தோ அந்தப் பக்கமும் அத்தனை எழுத்து. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. பட்டைகள் மட்டும் இல்லை. கொடுக்கக் கூடாத மருந்துகள் கொடுத்த மருந்துகளின் வரிசையில் ஒன்றாக, மற்றவற்றைப் போலவே நின்றன.

அண்ணனை நினைத்துத்தான் செய்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஒருவரைக் குறிவைப்பதென்றால் அந்த ஒரு வரியில் மட்டும் கைவைத்தால் போதுமே. அப்படிச் செய்தால் அது கைவேலை என்று பின்னால் யாராவது கண்டுபிடிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் அது வேறு விஷயம். நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்தினேன். அனுப்பி முடித்ததும் நானூற்றுப் பன்னிரண்டை மட்டும் திறந்து பார்த்தேன். எந்த வேலையிலும் ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பது வழக்கம். 'பல் சீழ். பென்சிலின்.' சுத்தமாக வந்திருந்தது.

இரண்டு மெஷின்களையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தேன். பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து ஒரு பத்து வரியாவது ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் எத்தனை வரி என்று கேட்டார், எண் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார். பழைய மெஷினையும் பிளாப்பிகளையும் தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்று என் தலையிலேயே கட்டினார். நான் அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. சின்ன டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் கொப்பளம், வாய்க்குள் தோல் உரிந்து தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். "முன்னாடி பெரிய டாக்டரே அதே மாத்திரையைத்தான் குடுத்திருக்காரு, லிஸ்ட்ல இருக்குன்னு காட்டறாரு. என்னத்தச் சொல்றது, வயசாச்சு" என்றார். அண்ணன் அவருக்கு ஆறுதல் சொன்னார். நான் பின்னறையில் கையில் பற்றவைப்புக் கோலோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவின் வரியையும் நான் பழைய மெஷினில் பார்த்தேன். வெள்ளைப் பட்டை இருந்தது. ஆக, பட்டியலில் பெயர் இருந்தால் அது ஒத்துக்கொண்ட மருந்து என்று சின்ன டாக்டர் எடுத்துக்கொள்கிறார். முதல்முறை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். பட்டியலில் இருந்தால் அதையும் செய்ய மாட்டார் என்று ஆகிறது. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பெண்டாட்டி படுக்கையில் கிடக்கிறாள், அந்த மனிதருக்கு அது ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. டாக்டருக்கு இல்லை. உட்கார்ந்து கதை கேட்ட அண்ணனுக்கும் இல்லை. வயசாச்சு என்ற ஒரு சொல் மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது. பதில் வைத்திருக்கிறவன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் என்றது கொஞ்சம் தள்ளிப்போனாலும், அண்ணன் சொன்னபடியே அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஒரு திங்கட்கிழமை, நான் கம்பி வாங்கப் போயிருந்த நேரத்தில். திரும்பி வந்து பார்த்தபோது பதினேழு மெஷின்கள் எடைக்காரரின் வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கீபோர்டு விசைகள் தெறித்துத் தரையெல்லாம் கிடந்தன. அண்ணன் வேர்த்துப்போய் நின்றார். இரும்பு அலமாரியை நகர்த்தியதில் அதன் தகர விளிம்பு அவர் பாதத்தைக் கிழித்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, "உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான்டா நீ இல்லாதப்ப செஞ்சேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு கனிவு இருந்தது. ஓர் ஆளுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி. பெரிய டாக்டரின் மெஷினை மட்டும் நான் முன்பே வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பாதம் வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. அண்ணி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். நாலு மணி இருக்கும். ஒருவர் டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி கேட்டு நின்றிருந்தார். அப்போது போன் அடித்தது.

உங்கள் அறிக்கையில் இந்தப் போனைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. 'மனைவி தொலைபேசியில் உறவினரிடம் கலந்தாலோசித்தார்.' உறவினர் நான்தான். என்ன கலந்தாலோசித்தோம் என்று அண்ணியையும் நீங்கள் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. இரண்டுமுறை வீட்டுக்கு வந்தீர்கள். காப்பி குடித்தீர்கள். பாவம், தன் கையாலேயே இப்படி ஆகிவிட்டதே என்ற மாதிரி என்னைப் பார்த்தீர்கள். சரி, நானே சொல்கிறேன்.

"தம்பி, கால்ல சீழ் ஏறிடுச்சாம். ஊசி போடணுங்கறாரு. இவருக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதே, அன்னைக்கு நீங்கதானே கூட இருந்தீங்க. பேரு ஞாபகம் இருக்கா?"

"மெஷின்ல இருக்கும் அண்ணி. பாக்கச் சொல்லுங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. அவர் டாக்டரிடம் சொல்வது கேட்டது. விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சின்ன டாக்டரின் குரல், கொஞ்சம் அலுப்பாக. "ஒத்துக்காததுன்னு எதுவும் இல்லையேம்மா. பென்சிலின் ஏற்கெனவே குடுத்திருக்காங்க, இதோ இருக்கு. அதையே போட்டுடலாம்."

அண்ணி தயங்கினார். எங்கள் வீட்டில் இருப்பவர்களிலேயே அவருக்கு மட்டும்தான் கொஞ்சம் புத்தி உண்டு என்று நான் எப்போதும் நினைப்பேன்.

"தம்பி, பென்சிலின் போடறாராம். முன்னாடி குடுத்ததுதானாம். போடலாந்தானே?"

அப்போது அண்ணனின் குரல் கேட்டது. காய்ச்சலில் கம்மியிருந்தது, இருந்தாலும் கடையில் பேசுகிற அதே தோரணை. "போனை வை நீ. அவனைப் போட்டுத் தொந்தரவு பண்ணாத. டாக்டர், அந்த லிஸ்ட்டை இதுல ஏத்தினது என் தம்பி. அவன் ஒரு வேலை செஞ்சா அதுல தப்பே இருக்காது. நீங்க போடுங்க."

அண்ணி உடனே போனை வைக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார். எதிரே சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சரியாகச் சொல்ல முடியும். பதினொரு வினாடி. நான் போட்ட கேபிளில் அந்த நேரத்தில் முந்நூறு எழுத்துகளுக்கு மேல் போகும். தேவைப்பட்டது ஒரு சொல். வாய் இருந்தது, எதிரே காது இருந்தது, இரண்டும் ஒரே வேகத்தில்தான் இருந்தன. நான் ஒன்றும் அனுப்பவில்லை. அண்ணி, "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். நான் பேட்டரி கேட்டவருக்குப் பேட்டரியை எடுத்துக் கொடுத்தேன். சிரித்த முகமாகத்தான் கொடுத்தேன்.

முந்தின தடவை நான்கு நிமிடம் ஆனது. இந்தமுறை அதுகூட ஆகவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. சின்ன டாக்டர் மாற்று ஊசியைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாராம். மாமனார் அதை எந்தத் தட்டில் வைத்திருந்தார் என்று அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆக, எண்ணை மாற்றியது நான். என்ன ஆகும் என்று தெரிந்து மாற்றினேன். கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் விஷயத்தில் அது உறுதியானது, அப்போதும் பேசவில்லை. போனில் கேட்டார்கள், சொல்லவில்லை. மற்ற தொண்ணூற்று மூன்று வரிகளும் இந்தப் பிளாப்பியில் சரியாக இருக்கின்றன, அவற்றைச் சின்ன டாக்டருக்குக் கொடுத்துவிடுங்கள். எப்படிப் போடுவது என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அவருக்குப் புரிகிற மாதிரி. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணனோடு எனக்கு விரோதம் இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விரோதம் இருந்தால் அனுபவம் இல்லாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்து நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, பேசாமல் இருந்திருப்பேன். 'அவன் ஒரு வேலை செஞ்சா அதுல தப்பே இருக்காது.' என்னைப் பற்றி அவர் வாழ்நாளில் சரியாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். கடைசி வாக்கியமும் அதுதான். அதில் தப்பு இருந்தது என்று ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருப்பதை, கூடப்பிறந்தவன் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.